தாணேயில் காலியான ஜன்னல் சீட்

டம். டம். டடம்.

சமையலறைச் சுவருக்கு அந்தப்பக்கம் மும்தாஜ் அக்கா வீட்டு டி.வி. நான் ரசத்துக்குப் பூண்டு நசுக்கிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. எந்த நாட்டுத் தொடராக இருந்தால் என்ன, எந்த மொழியில் குரல் மாற்றியிருந்தால் என்ன, எல்லோரையும் ஒரு கூடத்தில் உட்காரவைத்துவிட்டு, துப்பறிகிறவர் ஒரே ஒரு முகத்தின் பக்கம் திரும்பும்போது இந்த இடிதான் விழும். இந்த இடிக்கு முன்னால் வரவேண்டிய வரியை எழுதித்தான் கால் நூற்றாண்டு நான் சோறு தின்றேன். லாயத்தில் கட்டிப்போட்ட பந்தயக் குதிரைக்குக் காது விறைப்பதுபோல எனக்கு விறைத்தது.

இடி அடங்கியதும் ஒரு பெண் குரல், டப்பிங் தமிழில், நிதானமாகக் கேட்டது:

"அந்த இருக்கையை உங்களுக்குக் கொடுத்தது யார்?"

பூண்டு நாறும் கையோடு ஓடினேன். கதவு திறந்துதான் கிடந்தது. செம்பூரில் எங்கள் மாடியில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை.

"வா புள்ள, சரியான நேரத்துக்கு வந்தே. அந்த நீலக் கோட்டுக்காரிதான் கொன்னுருக்கா. நான் மொதல்லயே சொல்லிட்டேன். இந்தப் போலீசுதான் காதுல வாங்கமாட்டேங்குது" என்றாள் மும்தாஜ் அக்கா.

திரையில் பனி. பெயர் தெரியாத ஒரு குளிர்நாடு. ஓர் ஏரி, ஏரியைக் கடக்கும் படகு. கொலை நடந்த நேரத்தில் தான் அந்தப் படகில் ஜன்னலோரம் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்ததாக நீலக் கோட்டுக்காரி சொல்லியிருக்கிறாள். புயலால் படகு நடு ஏரியில் நின்றது, அதையும் சரியாகச் சொல்லியிருக்கிறாள். பெரிய அதிகாரி நம்பிவிட்டார். அதுவரை கோப்பைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்ற, வாயே திறக்காத ஒரு பெண் போலீஸ்தான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறாள்.

"அக்கா! இது என் சீட்டு!" என்று கத்தினேன்.

மும்தாஜ் அக்கா சோபாவில் நகர்ந்தாள். "உக்காரு. யாரு வேண்டாம்னா?"

உட்கார்ந்தேன். சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பித் தோளைக் குலுக்கியது. அந்தப் படகில் பாதிக்குமேல் இருக்கைகள் காலி! காலியான படகில் யார் யாருக்கு இடம் கொடுப்பது? தொடரை எடுத்தவர்களுக்கே கதைக்குக் கால் நொண்டுவது தெரிந்திருக்கிறது. 'அது ஒரு பெரியவர் தினமும் உட்காரும் இடம், அவர் எழுந்தால்தான் உண்டு' என்று ஒரு கட்டையை வைத்துக் கட்டியிருந்தார்கள். தற்செயலாக இருக்கக்கூடாதா என்பீர்கள். ஜன்னலோரம் தற்செயல் என்று வைத்துக்கொள்வோம். வழியில் நின்றுபோன வண்டியும் தற்செயல். ஓரத்தில் நிற்கும் வாயில்லாத பெண் போலீசுமா தற்செயல்?

என் கொலை கடல் தாண்டிவிட்டது. குருலாவில் ரயில் ஏறி, கல்யாணில் இறங்கி, எப்படியோ கப்பல் பிடித்து, பனி தேசத்தில் போய்க் குளிருக்கு நீலக் கோட்டு வாங்கிப் போட்டுக்கொண்டுவிட்டது.

அன்றைக்கே இதை எழுத உட்கார்ந்தேன். எங்கள் கதை இலாகா ஐரோலிக்கு, கண்ணாடிக் கட்டடத்துக்கு மாறியபோது விலகிக்கொண்டவள் நான். அங்கேயிருக்கிற பிள்ளைகள் 'பழைய நாட்களைப் பற்றி எழுதுங்கள்' என்று கேட்டபடியே இருக்கிறார்கள். அவர்களில் தமிழ்ப் பிள்ளைகளுக்கே தமிழ் எழுத்துக் கூட்டத்தான் வரும். பரவாயில்லை. வீட்டில் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும்.

*

தாராவியில் பிறந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பாடல் குழு, மற்ற நாளெல்லாம் பக்கத்து வீட்டு டி.வி. பள்ளியில் தமிழ், தெருவில் இந்தி, கல்லூரியில் இங்கிலீஷ். கல்யாணமாகிக் கல்யாணுக்குப் போனேன். இந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லியே என் கணவர் ஜெபராஜ் பாதி சொந்தக்காரர்களை விரட்டியிருக்கிறார். செம்பூரில் ஒரு தொடர் தயாரிக்கும் கம்பெனியில் வசனம் தட்டச்சு செய்யச் சேர்ந்தேன். தட்டுகிற வசனத்தைத் திருத்த ஆரம்பித்தேன். திட்டு விழுந்தது. பிறகு திருத்துவதற்கே சம்பளம் வந்தது. படிப்புக் காலம் இவ்வளவுதான்.

கதை அறை ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது. பன் வேகும் வாசனைக்கு நடுவே நாங்கள் ஆட்களைக் கொன்றோம். வெள்ளிக்கிழமைதோறும் ஒளிபரப்பாகும் கொலைத் தொடர் அது. வாரம் ஒரு பிணம், ஒரு குழப்பம், கடைசியில் ஒரு கைது.

அறையின் தலைவி வைஜயந்தி. எல்லோருக்கும் வைஜு தாயி; மராத்தியில் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். பருத்திச் சேலை, காதில் பென்சில், மேசையில் வறுத்த நிலக்கடலைப் பொட்டலம். பாதி இந்தி, பாதி மராத்தியில் பேசுவார்; உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கதை சொல்ல ஆரம்பித்ததும் கடலையை உரிக்கத் தொடங்குவார். உரித்த பருப்பைத் தின்னமாட்டார். சின்னக் குவியலாகச் சேர்த்துக்கொண்டே போவார். கதை தேறினால் அந்தக் குவியலைச் சொன்னவர் பக்கம் தள்ளுவார். தேறாவிட்டால் தானே ஒரே வாயில் போட்டுக்கொண்டு, மென்றபடி, "அடுத்து?" என்பார். அந்த அறையில் வேறு தீர்ப்பு கிடையாது.

கதைக்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. "இஸ்கா பாப் கோன்?" இதுக்கு அப்பன் யார்? எந்தக் கொலையும் அந்த அறைக்குள் அநாதையாக நுழையமுடியாது. பூட்டிய அறைக்குள் பிணமா? எந்தப் பழைய தொடரில் பார்த்தாய், அது எதைப் பார்த்து எடுத்தது, சொல். நின்றுபோன கைக்கடிகாரமா? இடதுகைக்காரனா? இறந்தவனுக்கு இரட்டைச் சகோதரனா? சொல். எடுத்தது குற்றமில்லை. "நாம எல்லாருமே கடன் வாங்கின கத்தியாலதான் குத்தறோம்" என்பார் தாயி. அப்பன் பெயரை மறைத்தால்தான் கோபம். கோபம் என்றால், பொட்டலத்தை மடித்து டிராயரில் வைத்துவிடுவார். அவ்வளவுதான். அதற்கே ஆட்கள் வியர்த்திருக்கிறார்கள்.

அடுத்தது இரண்டாவது கேள்வி, அதுதான் ஆளைக் கொல்லும். "அப்பன் சரி. அம்மா யாரு?"

இந்த ஊரில் இதைப் பெற்றது யார் என்று அர்த்தம். இரவல் கொலையை இங்கே கொண்டுவந்து இறக்குவதுதான் எங்களுக்குப் பெரிய பாடு. அங்கே பனியில் கால்தடம் விழும். நாங்கள் ரங்கோலிப் பொடியில் விழவைத்தோம். அங்கே பாதி எரிந்த கடிதம் கணப்படுப்பில் கிடக்கும். இங்கே கேஸ் அடுப்பில் கடிதத்தை எரித்து, யாரும் பால் காய்ச்சாமல் பார்த்துக்கொண்டோம். பழைய படங்களைப் பார்த்துப் பார்த்து ஒருமுறை துறைமுகத்தில் மூடுபனி வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். மே மாதம். புகை இயந்திரம் கக்கிய புகையில் கொலைகாரன் இருமின இருமலில், வசனத்தைவிட்டு இருமலைத்தான் ஒளிபரப்பவேண்டியிருந்தது. தாயி அந்த வாரமே ஒரு தாளில் எழுதி ஒட்டினார்: கொலையை இரவல் வாங்கு. காரணத்தை வாங்காதே.

அந்த அறையில் எனக்கு நாற்காலி இருந்தது, பெயர் இல்லை. திரையில் ஓடும் அட்டையில் 'கதை' என்று ஒரு வரி வரும். அங்கே எப்போதும் நிகில் பெயர். நல்ல எழுத்தாளன், பாந்த்ராவிலிருந்து காரில் வருவான், வாய் மட்டும் நீளம். நான் 'வசன உதவி'. எறும்பு வரிசைபோல ஓடும் பெயர்களில் ஓர் எறும்பு. அந்த ஒரு வரிக்காக நான் எவ்வளவு ஏங்கினேன் என்று இப்போது சொல்ல வெட்கமில்லை. என் பெயர் தனியாக, கறுப்புத் திரையில், ஒரு மூச்சுவிடும் நேரமாவது நிற்கவேண்டும். ஜெபராஜ் தேநீர் எடுத்துவர எழுந்து போயிருந்தாலும் திரும்பி வந்து பார்க்கிற அளவுக்கு.

மழைக்காலச் சிறப்பு எபிசோட் ஒன்று வந்தது. இரட்டை நீளம். நிகில் ஓர் இரட்டையர் கதை வைத்திருந்தான். தாயி என்னைப் பார்த்தார். "எஸ்தர், உன்கிட்ட ஒண்ணு இருக்குன்னு உன் மூஞ்சி சொல்லுது. சொல்லு. தேறினா கதை உன் பேர்ல போகும்."

*

சொன்னேன். செம்பூரில் பிரபலமான ஒரு டியூஷன் சென்டர். இரண்டு டீச்சர்கள் சேர்ந்து கட்டியது, வாசல் பலகையில் இரண்டு பேர் பெயரும் உண்டு. ஒருத்தி மட்டும் பலகையை மாற்ற ஏற்பாடு செய்கிறாள். புதுப் பலகையில் அவள் பெயர் மட்டும். மற்றவள், பங்களாவும் காரும் உள்ளவள், சாந்தமானவள், அவளைக் கொன்றுவிடுகிறாள். கொலை நேரத்தில் தான் கல்யாண் ஃபாஸ்ட் லோக்கலில் இருந்ததாகச் சொல்கிறாள். கார் ஒர்க்ஷாப்பில் இருந்தது, உடம்பு சரியில்லாத சித்தியைப் பார்க்க ரயிலில் போனேன் என்கிறாள். டிக்கெட் இருக்கிறது. தாணேயில் ஜன்னல் சீட் காலியாகி உட்கார்ந்ததாகச் சொல்கிறாள். மழையால் வண்டி வழியில் நின்றது, அதையும் சொல்கிறாள். ரேடியோவில் கேட்டுத் தெரிந்துகொண்டது. உண்மையில் அவள் போனது டாக்ஸியில், கொலைக்குப் பிறகு.

"இஸ்கா பாப் கோன்?"

"ரயில் நேரத்தை வெச்சுப் போலீசை ஏமாத்தற பழைய வெளிநாட்டுத் தொடர் ஒண்ணு, தாயி. அதுல ஒரு ஆள் கம்பார்ட்மெண்ட் மூலையில பேப்பரால மூஞ்சியை மறைச்சுட்டு வருவான். அவன் வந்தானா இல்லையான்னு யாருக்கும் தெரியாது."

"எப்படி மாட்டறா?"

"டாக்ஸிக்காரன் அடையாளம் சொல்றான்."

கடலை உரிப்பது நின்றது. நிகில் மெதுவாகக் கைதட்டினான். "டாக்ஸிக்காரன்! எஸ்தர் ஜி, அடுத்த வாரம் பால்காரன், அதுக்கடுத்த வாரம் பேப்பர்காரன். போலீசுக்கு லீவு குடுத்துடலாம்."

தாயி அவனைப் பார்க்கவில்லை. "எஸ்தர், தினமும் எதுல வர்றே?"

"ட்ரெயின்ல, தாயி."

"எவ்வளவு வருஷமா?"

"கல்யாணம் ஆனதிலேர்ந்து."

"லேடீஸ் கம்பார்ட்மெண்ட்ல ஒருத்தி மூலையில ஒக்காந்து வந்தா, வந்தாளா இல்லையான்னு யாருக்கும் தெரியாமப் போகுமா? நீ எழுதின ட்ரெயின்ல ஒருத்தியாவது மூச்சு விடறாளா? இது டி.வி.ல ஓடற ட்ரெயின், எஸ்தர். மத்திய ரயில்வேயில ஓடறது இல்ல." குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காரணம் உன்னோடது. அது ரத்தத்துல நனைஞ்சு கெடக்கு. அப்பன் பேரும் சொல்லிட்டே. அம்மாவை மட்டும் காணோம். திங்கட்கிழமை கூட்டிட்டு வா. இல்லைன்னா ரெட்டைப் புள்ளைங்க ஷூட்டிங் போயிடும்."

குவியலை வாயில் போட்டுக்கொள்ளவில்லை. என் பக்கம் தள்ளவும் இல்லை. நடுவிலேயே விட்டுவிட்டு எழுந்து போனார். அது அதற்கு முன் நடந்ததே இல்லை.

*

அன்று மாலை குருலாவில் ஏறியபோது மழை கொட்டியது. லேடீஸ் கம்பார்ட்மெண்ட் ஈரச் சேலையும் குடையும் மல்லிகையும் வியர்வையுமாக மூச்சு முட்டியது. செல்வி அக்கா வழக்கமான இடத்தில், மடியில் பிளாஸ்டிக் பையை விரித்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஏற்றுமதிக் கம்பெனியில் சூப்பர்வைசர், தாராவியில் என் தெருக்காரி, அவளும் வாக்கப்பட்டு அந்தப் பக்கமே வந்தவள். அவள் சீட்டை நான் காலையிலேயே சொல்லி வைத்திருந்தேன். டோம்பிவிலியில் அவள் இறங்கினால் எனக்கு.

இந்த ஊர் லோக்கலில் ஏறாதவர்களுக்காக ஒரு வார்த்தை. லேடீஸ் கம்பார்ட்மெண்ட்டில் சீட் காலியாவதில்லை, கைமாறுகிறது. ஏறியவுடன் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து 'எங்கே இறங்குவீங்க?' என்று கேட்கவேண்டும். 'முலுண்ட்' என்றால் முலுண்டில், 'தாணே' என்றால் தாணேயில் அந்த சீட் உன்னுடையது. உனக்கு முன்னால் ஒருத்தி கேட்டிருந்தால் 'சொல்லியாச்சு' என்பாள். அப்புறம் தகராறே கிடையாது. கோர்ட் பத்திரத்தை மீறுவார்கள், இதை மீறமாட்டார்கள். யாரும் எழுதிவைக்காத சட்டம். ஆனால் அத்தனை பெண்களுக்கும் மனப்பாடம்.

"என்னட்டி மூஞ்சி மழையில நனைஞ்ச அப்பளமாட்டம் இருக்கு?" என்றாள் செல்வி அக்கா.

"என் கதையைத் தூக்கிக் கடாசிட்டாங்கக்கா. ட்ரெயின் கதை."

"ட்ரெயின்ல என்னட்டி கதை? ஏறுதோம், எறங்குதோம்."

தாணே வந்தது. எதிர் வரிசையில் ஜன்னலோரத்துப் பெண் எழுந்தாள். அவள் இடத்தைக் காட்கோபரிலேயே சொல்லிவைத்த டீச்சரம்மா ஒருத்தி நெரிசலில் இரண்டடி தள்ளி மாட்டிக்கொண்டிருந்தாள். அந்த இடைவெளியில், பட்டும் சென்ட்டுமாக ஓர் அம்மாள், தூசி தட்டக்கூடத் தோன்றாமல், சாவகாசமாக அந்த சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்க்கத் தொடங்கினாள்.

கம்பார்ட்மெண்ட்டில் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அப்புறம் நாலு திசையிலிருந்தும் ஒரே கேள்வி, இந்தியில், மராத்தியில், குஜராத்தியில்: "யாரைக் கேட்டு உட்கார்ந்தே?"

அந்த அம்மாள் மிரண்டுபோனாள். "காலியா இருந்தது... உட்கார்ந்தேன்."

சிரிப்பு கம்பார்ட்மெண்ட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அலைபோலப் போயிற்று. காலியா இருந்ததாம்! தாணேயில்! சாயங்காலம்! ஜன்னலோரம்!

செல்வி அக்கா அவரைக்காயை ஒடித்தபடியே சொன்னாள்: "காரு ரிப்பேரா இருக்கும் பாவம். ரயிலையே கண்ணால பாக்காதவள்னு நெத்தியிலயே எழுதி ஒட்டிருக்கு பாரு."

எனக்கு உள்ளே ஏதோ தீப்பற்றியது. வண்டி குலுங்கவில்லை, நான்தான் குலுங்கினேன். காரில் போகிறவள் என் கொலைகாரியும்தானே! அவளும் நேரம் தெரிந்துகொண்டாள், டிக்கெட் வாங்கிக்கொண்டாள், வண்டி எங்கே நின்றது என்றுகூடத் தெரிந்துகொண்டாள். ஆனால் ரயிலை எங்கே பார்த்திருப்பாள்? டி.வி.யில். தாயி திட்டிய அதே ரயில்! மூச்சு விடாத ரயில், யாரும் யாரையும் பார்க்காத ரயில். நான் எழுதியது தப்பே இல்லை. தப்பான ஆள் வாயில் வைத்துவிட்டேன். அதைச் சொல்லவேண்டியவள் நான் இல்லை. அவள்!

"அக்கா, உங்க கையைக் குடுங்க" என்று அவரைக்காயோடு சேர்த்துப் பிடித்து முத்தம் கொடுத்தேன்.

"ஏட்டி, பைத்தியக்காரி! டோம்பிவிலிக்கு இன்னும் நேரம் கெடக்கு. அதுக்குள்ள சீட்டுக்கு லஞ்சமா?"

*

திங்கட்கிழமை. பொட்டலம் பிரிந்தது. அறையில் தாயி, நிகில், தயாரிப்பு நிர்வாகி, கணக்குப் பார்க்கும் ஷோபா, மேக்கப் வேலைக்கு வந்திருந்த இரண்டு பெண்கள். நின்றுகொண்டே சொன்னேன். கொலைகாரியின் வாக்குமூலத்தை என் முதல் கதையிலிருந்து ஒரு சொல் மாற்றாமல் ஒப்பித்தேன். "கூட்டமா இருந்தது. தாணேல ஜன்னல் சீட் காலியாச்சு. உட்கார்ந்தேன். மழையைப் பார்த்துக்கிட்டே போனேன்." இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் சரிபார்க்கிறார். நேரம் சரி, தாமதம் சரி. 'நீங்க போகலாம் மேடம்' என்கிறார்.

"அப்ப ஓரத்துல நிக்கற அந்தப் பொம்பள கான்ஸ்டபிள்" என்றேன், "நம்ம தொடர்ல இவ்வளவு வருஷமா 'ஜீ சர்' தவிர வாயைத் திறக்காதவ, கேக்கறா: 'மேடம், அந்த சீட்டை யார்கிட்ட கேட்டீங்க?' கொலைகாரி சொல்றா: 'யார்கிட்டயும் கேக்கல. காலியா இருந்தது.'"

ஷோபாவின் பேனா மேசையில் உருண்டது. "ஐயோ, மாட்டிக்கிட்டா!" மேக்கப் பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி பொத்தவில்லை.

நிகில் எல்லோர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தான். "என்ன? காலியா இருந்தா உட்காரமாட்டாங்களா? எனக்குப் புரியல. யாராவது சொல்லுங்களேன்."

நிர்வாகி தலையை ஆட்டினார். "இதுதான் பிரச்னை. ஆம்பளைங்களுக்குப் புரியாது, தாயி. பார்க்கறவங்கள்ல பாதிப் பேர் முழிப்பாங்க."

தாயியின் விரல் குவியலின் மேல் நின்றது. "முழிக்கட்டும். 'காலியா இருந்தது'ன்னு அவ சொன்னதும் இடியைப் போடு, விளம்பரத்துக்குப் போ. அந்த விளம்பர நேரம் முழுக்க, இந்த ஊர்ல இருக்கற ஒவ்வொரு புருஷனும் தன் பொண்டாட்டிகிட்ட கேட்டுட்டு உட்காரட்டும். ஒரு தடவையாவது கேக்கட்டும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "உன் முதல் கதையைத் தூக்கி எறியாம, கொலைகாரி வாயில வெச்சுட்டியே!" குவியல் மேசையைக் கடந்து என்னிடம் வந்தது. நிகில் ஒரு பருப்பை எடுக்கப் பார்த்தான். கையில் ஒன்று போட்டேன்.

"வலிக்குது எஸ்தர் ஜி" என்று சிரித்தான். "அட்டையில என் பேரைத் தூக்கிட்டுப் பருப்புமா கிடையாது?" ஒன்று கொடுத்தேன். பெரியதாகப் பார்த்து.

அந்த வெள்ளிக்கிழமை கல்யாணில் எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டிலும் அதே தொடர். கறுப்புத் திரை. 'கதை: எஸ்தர்.' ஜெபராஜ் எழுந்தே போகவில்லை. எழுந்து நின்றார், ஜன கண மனவுக்கு நிற்பதுபோல. கடைசியில் அந்தக் கேள்வி வந்தது, பதில் வந்தது. டம். டம். டடம். சோப்பு விளம்பரம்.

"என்ன எஸ்தர், அவ என்ன தப்பாச் சொல்லிட்டா?" என்றார் ஜெபராஜ்.

கேளுங்கள் என்று கையைத் தூக்கினேன். மேல்மாடியில் ஒரு பெண் கூவினாள். கீழ்வீட்டில் இருவர். எதிர்க் கட்டடத்தில் ஜன்னல் ஜன்னலாக, சீக்கியர் வீட்டில், சிந்திக்காரர் வீட்டில், மதுரைக்காரர் வீட்டில், பெண்கள் கத்தினார்கள், சிரித்தார்கள், கைதட்டினார்கள். நகரத்தின் பாதி ஒரே நேரத்தில் ஒரு கொலைகாரியைக் கண்டுபிடித்துவிட்டது. மிச்சப் பாதி 'என்ன, என்ன' என்று கேட்டுக்கொண்டிருந்தது. நான் பால்கனியில் நின்றேன். மழை விட்டிருந்தது. அந்தச் சத்தத்தில் என் உடம்பே ஒரு மேளமாக அதிர்ந்தது.

மறுநாள் காலை கம்பார்ட்மெண்ட்டில் ஏறினேன். சீட் பிடிக்க டோம்பிவிலியிலிருந்து கல்யாணுக்கே வந்து ஏறியிருந்த செல்வி அக்கா ஊருக்கே கேட்கச் சொன்னாள்: "எந்திரிங்கட்டி, கதைக்காரி வந்துட்டா!" ஜன்னலோரத்தில் ஒரு பெண் எழுந்து நின்றாள். நான் யாரையும் கேட்கவில்லை. கல்யாணிலிருந்து குருலாவரை ஜன்னலோரம். அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடக்கவில்லை. ஒரு நாளுக்கு மேல் யார் கொடுப்பார்கள்?

அதற்குப் பிறகு எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் அந்த வரியில் என் பெயர் வந்தது. தாயி விலகியபின் கடலைப் பொட்டலம் என் மேசைக்கு வந்தது. நாங்களும் கல்யாணைவிட்டுச் செம்பூருக்கே குடிவந்தோம். இந்தியில் இரண்டு தொடர்களும் தெலுங்கில் ஒன்றும் அந்த சீட்டை எடுத்துக்கொண்டன. ஒன்றில் பஸ், ஒன்றில் ஷேர் ஆட்டோ. நான் கோபப்பட்டதே இல்லை. இப்போது படகு.

*

தாயி இப்போது டோம்பிவிலியில். மாதம் ஒருமுறை காப்பித்தூள் வாங்க மாட்டுங்கா வருவார். அந்தப் பழக்கம் என் உபயம். கிங்ஸ் சர்க்கிளில் எப்போதும் உட்காரும் ஓட்டலில் போய்ப் பிடித்தேன். பனியும் படகும் நீலக் கோட்டுமாக எல்லாவற்றையும் கொட்டினேன். பக்கத்து மேசைக்காரர் தோசையை மறந்து கேட்டார்.

தாயி கைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உரிக்க ஆரம்பித்தார்.

"காரணம்?"

"சொத்துத் தகராறு, தாயி. காரணம் அவங்களோடது. அதுல யோக்கியமாத்தான் இருக்காங்க."

"கொலை? இஸ்கா பாப் கோன்?"

எத்தனை தடவை கேட்ட கேள்வி! எத்தனை பேர் பெயரைச் சொல்லியிருக்கிறேன்! வாயைத் திறந்தேன். சர்வர் காப்பியை வைத்துவிட்டுப் போனார்.

"நான்" என்றேன்.

தாயி சிரிக்கவில்லை. தலையசைத்தார், கணக்கு சரியாகிவிட்டதுபோல. "கேஸ் போடறியா?"

"எதுக்கு தாயி? கேக்காம உட்கார்ந்துட்டாங்க. பாவம், காலியான படகுல 'யாரு குடுத்தா, யாரு குடுத்தா'ன்னு முழிச்சிட்டிருக்காங்க. கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன், ஆள் நெரிசல் இல்லாம இது ஓடாதுன்னு."

இப்போது சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். காப்பி டம்ளருக்கும் டவராவுக்கும் நடுவே, குவியல் என் பக்கம் நகர்ந்து வந்தது. தின்றேன். ஒன்றுவிடாமல் நானே தின்றேன்.

மாட்டுங்கா ஸ்டேஷன்வரை கூடவே நடந்தேன். ஸ்லோ லோக்கல் வந்தது, லேடீஸ் கம்பார்ட்மெண்ட் கதவுவரை கூட்டம். காப்பித்தூள் பையை உயர்த்திப் பிடித்தபடி, அந்த வயதிலும், தோளைச் சாய்த்து உள்ளே நுழைந்துவிட்டார். வண்டி அசைந்தது. ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் அவர் குனிந்து, உட்கார்ந்திருந்த ஒருத்தியிடம் ஏதோ கேட்பது தெரிந்தது. நிமிர்ந்தார். பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி, நான் அதுவரை கேட்டேயிராத உரத்த குரலில் கத்தினார்:

"முலுண்ட், எஸ்தர்! சொல்லி வெச்சுட்டேன்!"